கதவு திறந்த காரில் ஓடிய கசெட்

"'ரேடியோ ஆன்' என்ற 1979ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் படத்தை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். ஒருவன் கார் ஓட்டுகிறான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. இதை ஏன் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர் நீங்கள்; இப்போது திரும்பப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தீர்கள். நான் அதற்கும் முன்பே தூங்கிவிட்டேன். 1988இல், பழைய படங்களை மாற்றி மாற்றிப் போடும் லண்டன் திரையரங்கு ஒன்றில், இரவு வேலை முடித்துவிட்டு நண்பனோடு போயிருந்தேன். அவனுக்கு ஆங்கிலப் பாடகர் ஸ்டிங்மேல் பைத்தியம். படத்தில் ஸ்டிங் வருகிறார் என்பதற்காகவே என்னை இழுத்துக்கொண்டு போனான். வெளியே மழை, உள்ளே கதகதப்பு. விழித்துப் பார்த்தபோது திரையில் ஒரு பெற்றோல் செட். வேலையிடத்திலேயே தூங்கிவிட்டேனோ என்று ஒரு கணம் பதறிப்போனேன். ஏனென்றால் அந்த நாட்களில் நான் லண்டனுக்கு மேற்கே ஒரு பெற்றோல் செட்டில்தான் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அதுவும் இந்தப் படத்தின் நாயகன் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போகிற அதே ஏ4 வீதியில்.

ஆகவே என் பதிலில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். சென்ற மாதம் மூன்றாம் தடவையாகப் பார்த்தேன்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ராபர்ட் என்பவன் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்களுக்குப் பாட்டுப் போடுகிறவன். பிரிஸ்டலில் இருக்கும் அவனுடைய சகோதரன் குளியல் தொட்டியில் இறந்துகிடந்ததாகச் செய்தி வருகிறது. பழைய ரோவர் கார் ஒன்றில் ராபர்ட் பிரிஸ்டலுக்குப் புறப்படுகிறான். சகோதரன் எப்படி இறந்தான் என்பது கடைசிவரை தெளிவாகாது. வானொலிச் செய்தியில் ஏதோ ஆபாசப்படக் கும்பல் பற்றிய வழக்கு அடிபடுகிறது. அதற்கும் இந்தச் சாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நாம்தான் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். படம் அந்த முடிச்சைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. துப்பறியும் கதையாக எண்ணி உட்கார்ந்தவர்கள் இங்கேதான் எழுந்துவிடுகிறார்கள்.

இயக்கிய கிறிஸ் பெட்டிட் அதற்குமுன் லண்டனின் 'டைம் அவுட்' வார இதழில் திரைப்படப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ்மீது அவருக்கு இருந்த பக்தி ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். வெண்டர்ஸின் நிறுவனமும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் சேர்ந்துதான் படத்தை எடுத்தன. ஒளிப்பதிவாளர் மார்ட்டின் ஷாஃபரும் வெண்டர்ஸின் குழுவைச் சேர்ந்தவரே. அதனால்தான் இது இங்கிலாந்தில் எடுத்த ஜெர்மன் படம்போல இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அந்த நாட்டை அப்படி ஈரமாகவும் அந்நியமாகவும் ஓர் ஆங்கிலேயர் படம் பிடித்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் குறைக்கு வருகிறேன். 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதன் பாதிக் காரணம் அந்த நாட்டின் அளவு. அமெரிக்காவில் ஒருவன் காரை எடுத்தால் ஐந்து நாள் ஓட்டலாம். பாலைவனம், மலை, மறுபடி பாலைவனம் என்று வந்துகொண்டே இருக்கும். லண்டனிலிருந்து பிரிஸ்டல் சுமார் 190 கிலோமீட்டர். எம்4 நெடுஞ்சாலை 1971இலேயே முழுதாகத் திறந்துவிட்டது. காலைச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தக் கையளவு தூரத்தில் சாலைப் படம் எடுப்பது, குளத்தில் கப்பல் விடுகிற வேலை. பெட்டிட் என்ன செய்கிறார்? நாயகனைப் பழைய ஏ4இல் போகவிடுகிறார். குதிரை வண்டிக் காலத்திலிருந்து பாத் நகருக்குப் போய்க்கொண்டிருந்த வீதி அது. ஊர்களுக்குள் நுழைந்து, மதுச்சாலைகளைத் தொட்டு, மலைச்சரிவுகளில் வளைந்து போகும். அதிலும் நின்று, திரும்பி, யாரையாவது ஏற்றி, யாரையாவது விட்டு, மூன்று மணி நேரப் பயணத்தை ஒரு வாழ்நாள்போல இழுத்துவிடுகிறார்.

மீதிப் பாதிக் காரணம்: இது கண்ணைவிடக் காதுக்கு அதிகம் வேலை வைக்கும் படம். நீங்கள் கைபேசியில் பார்த்தீர்களா, மடிக்கணினியிலா என்று தெரியவில்லை. நல்ல ஒலி இல்லாவிட்டால் இதில் முக்கால்வாசி போய்விடும். நாயகன் வாயைத் திறப்பதே அபூர்வம். அவனுக்குப் பதிலாகக் காருக்குள் கசெட் பேசுகிறது, தொழிற்சாலை ஒலிபெருக்கி பேசுகிறது, மதுச்சாலையின் பாட்டுப்பெட்டி பேசுகிறது, வானொலிச் செய்தி பேசுகிறது. மதுச்சாலைக் காட்சியில் ரெக்லெஸ் எரிக் என்ற ஆங்கிலப் பாடகரின் பாட்டு ஏறக்குறைய முழுதாக ஓடும். அதைக் கேட்டபடி அவன் சும்மா இருப்பான். நம் படங்களில் பாட்டு வந்தால் ஆட வேண்டும், அழ வேண்டும். இவன் கேட்கிறான், அவ்வளவுதான்.

பிஸ்கட் தொழிற்சாலைக்கு ஒரு வானொலியா என்று சிரிக்க வேண்டாம். யுனைடெட் பிஸ்கட்ஸ் நிறுவனம் 1970 முதல் 1979 வரை உண்மையாகவே இப்படி ஒன்றை நடத்தியது. மேற்கு லண்டனில், ஏ4 ஓரமாக, ஆஸ்டர்லியில் இருந்தது அதன் ஒலிபரப்புக்கூடம். ஒரே வேலையை எட்டு மணி நேரம் செய்கிறவர்கள் சலித்துப்போய் வேலையை விட்டுவிடாமல் இருக்கப் பாட்டுப் போட்டார்கள். பின்னாளில் பெயர் பெற்ற சில அறிவிப்பாளர்கள் அங்கே பழகியவர்கள். நான் அறை எடுத்திருந்த வீட்டின் பஞ்சாபி அம்மா அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பிஸ்கட் பொதி செய்தவர். பாட்டு நின்ற பிறகுதான் இயந்திரம் எவ்வளவு சத்தம் போடுகிறது என்றே தெரிந்தது என்பார்.

இனி அந்தப் பெற்றோல் செட். ஸ்டிங் அதில் பெற்றோல் அடிக்கும் பையனாக வருகிறார். அவர் பாடிய 'தி போலீஸ்' இசைக்குழு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. படத்தில் அவருக்கு ஒரே பித்து: எடி கொக்ரன் என்ற அமெரிக்க ராக் பாடகர். பம்பை விட்டுவிட்டுக் கித்தாரை எடுத்துக் கொக்ரனின் 'திரீ ஸ்டெப்ஸ் டு ஹெவன்' பாட்டைப் பாடுகிறார். அழகான காட்சி என்று மட்டும் எண்ணிக் கடந்துபோனால் நட்டம், ஏனென்றால் அது சும்மா வைத்த பாட்டல்ல. 1960 ஏப்ரல் 16ஆம் தேதி இரவு பிரிஸ்டலில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு கொக்ரன் டாக்ஸியில் லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சிப்பனம் ஊருக்குள், ரோடன் ஹில் சரிவில், இதே ஏ4இல், கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. மறுநாள் பாத் நகர மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 21. அந்தப் பாட்டு அவர் செத்த பிறகுதான் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது.

அதே டாக்ஸியில் இன்னொரு பாடகரும் இருந்தார்: ஜீன் வின்சென்ட். அவர் காயத்தோடு பிழைத்துக்கொண்டார். இந்தப் படத்தில் இயன் டூரி என்ற ஆங்கிலப் பாடகர் பாடும் 'ஸ்வீட் ஜீன் வின்சென்ட்' பாட்டும் ஒலிக்கிறது. ஆக, படத்தின் இரண்டு பாட்டுகள் ஒரே டாக்ஸியிலிருந்து இறங்கியவை. கொக்ரன் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு வந்துகொண்டிருந்தார். ராபர்ட் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போகிறான். பத்தொன்பது வருட இடைவெளியில் ஒரே வீதியில் எதிரெதிராகப் போகும் இரண்டு கார்கள். இதை யாரும் வசனத்தில் விளக்கமாட்டார்கள். முதல் தடவை எனக்கு இதில் ஓர் இழையும் தெரியவில்லை. கொக்ரன் யார் என்றே தெரியாது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து வந்தவனுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு அப்போது தெரிந்தது வேறு. ஸ்டிங் வெளியே வந்து பெற்றோல் அடிக்கிறார், வந்தவனோடு கதைக்கிறார், பாட்டுப் பாடுகிறார். எங்கள் செட்டில் இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும். வருகிறவர் தானே அடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து பம்பு எண்ணைச் சொல்வார். இழுக்கும் தட்டில் காசை வைத்துத் தள்ளுவார். மிச்சத்தை வைத்து நான் திருப்பித் தள்ளுவேன். அந்தத் தட்டு போகவர ஒரு கிறீச்சுச் சத்தம் போடும். விடியும்வரை என்னோடு அதிகம் பேசியது அந்தத் தட்டுத்தான். மூன்று மணிக்கு மேல் லாரிக்காரர்கள், சிகரெட் கேட்டு வரும் குடிகாரர்கள், விமான நிலையத்துக்கு ஓடும் டாக்ஸிகள். காசு மேசையோரம் சுழலும் கம்பித் தாங்கியில் மலிவுக் கசெட்டுகள் தொங்கும். நள்ளிரவில் காசு கொடுக்க வந்து, சும்மா அந்தத் தாங்கியையே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எதையாவது கேட்டுக்கொண்டு போனால் தூங்காமல் வீடு சேரலாம் என்ற நினைப்பாக இருக்கும்.

கசெட் என்று வந்துவிட்டதால், படத்தில் நான் மூன்றாம் தடவைதான் கவனித்த இடத்தைச் சொல்லவேண்டும். சாவதற்கு முன் சகோதரன் ராபர்ட்டின் பிறந்தநாளுக்கு கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் குழுவின் கசெட்டுகளை அனுப்பியிருக்கிறான். அந்த இருவருக்கும் இடையில் படத்தில் நாம் காணும் உறவு அவ்வளவுதான். ஒரு கட்டிப்பிடிப்பு இல்லை, சிறுவயது நினைவுக் காட்சி இல்லை. ஒரு பொதி, அதற்குள் இயந்திரத்தனமான இசை. அதைக் காரில் போட்டுக்கொண்டு செத்தவனின் வீட்டுக்குப் போகிறான்.

என் அண்ணன் 1985இல் கொழும்பிலிருந்து கிழக்கு பெர்லினுக்கு விமானம் ஏறினார். அங்கே இறங்கி நகர ரயிலைப் பிடித்தால் மேற்கு பெர்லினுக்குப் போய்விடலாம் என்ற வழி அப்போது எங்கள் ஆட்களுக்குத் திறந்திருந்தது. அந்த வருட நடுவிலேயே அதை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அவரை மேற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்கோ லண்டனில் இன்னும் விசா முடிவாகவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சின்னக் கடல், ஒரு பகல் ரயில் தூரம், இரண்டு அரசாங்கங்கள். தொலைபேசியில் மூன்று நிமிடத்துக்கு மேல் கதைக்கக் காசு போதாது. ஆகவே கசெட் அனுப்பிக்கொண்டோம். அப்போது வெளிநாட்டில் சிதறிக்கிடந்த எங்கள் குடும்பங்களில் இது வழக்கம். ஊரில் அம்மாவும் கோழி கூவுகிற சத்தத்தோடு ஒரு கசெட் பேசி அனுப்பினார்.

அண்ணன் புதிய கசெட் வாங்கமாட்டார். யாரோ கேட்டுக் கழித்த பாட்டுக் கசெட்டை எடுத்து, மேல்விளிம்பில் உடைந்திருக்கும் சின்னச் சதுர ஓட்டையைக் கடதாசித் துண்டால் அடைத்து, அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டி, பாட்டுக்கு மேலேயே தன் குரலைப் பதிவார். அந்த ஓட்டையை அடைக்காவிட்டால் பதிவாகாது. விடுதியில் என்ன சமைத்தார்கள், பனி எவ்வளவு, யாருடைய வழக்குத் தள்ளுபடி ஆனது என்று இருபது நிமிடம் பேசுவார். 'சரி, வைக்கிறேன்' என்பார். ஒரு டக். உடனே பாதியில் பிடித்த மாதிரி ஒரு பித்தளை வாத்தியக் கூட்டம் ஜெர்மன் கொண்டாட்டப் பாட்டை முழங்கத் தொடங்கும். தனியறையில் இரவு ஒரு மணிக்கு அதைக் கேட்டால் சிரிப்பும் வரும், மற்றதும் வரும்.

இப்போது படத்தின் தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதை மட்டும் நீங்கள் விடாமல் பார்த்திருப்பீர்கள். கமெரா கையிலிருந்தபடியே அந்தப் பிரிஸ்டல் வீட்டின் அறைகளுக்குள் நடந்துபோகிறது. பின்னணியில் ஆங்கிலப் பாடகர் டேவிட் பவியின் 'ஹீரோஸ்', பாதி ஆங்கிலம் பாதி ஜெர்மன். பெர்லின் சுவருக்குப் பக்கத்திலிருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் 1977இல் பதிவான பாட்டு அது. அறையில் ஒரு குறிப்புச் சீட்டு: நாங்கள் திரைப்பட இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்குக்கும் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரௌனுக்கும் பிறந்த பிள்ளைகள், எங்கள் உலகம் ஒலிப்பதிவுக் கருவியும் தொலைபேசியும் செய்த உலகம் என்ற பொருளில். 1988இல் இதைப் பார்த்து வெள்ளைக்காரப் பெரிய பேச்சு என்று நினைத்தேன். நானே அப்போது ஒலிப்பதிவுக் கருவி வழியாகத்தான் அண்ணன் தம்பி உறவு நடத்திக்கொண்டிருந்தேன் என்பது தோன்றவே இல்லை.

நினைவு செய்யும் ஒரு தில்லுமுல்லையும் சொல்கிறேன். வழியில் ராபர்ட் ஒரு ஸ்கொட்லாந்து இளைஞனைக் காரில் ஏற்றுகிறான். இராணுவத்தை விட்டு ஓடிவந்தவன். வட அயர்லாந்தில் பணிசெய்து மனம் கலங்கியவன். படபடவென்று பேசிக்கொண்டே வருவான். ராபர்ட் அவனை ஓர் ஊரில் மரியாதையாக இறக்கிவிட்டுப் போனதாக முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அவன் ஒன்றுக்கிருக்க இறங்கிய நேரத்தில் ராபர்ட் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். முதல் தடவை, அவன் சீருடை போட்டவன் என்ற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. அவன் இறங்கினால் சரி என்றுதான் நான் இருந்திருப்பேன். ஆகவே அந்த நடத்தை எனக்கு உறுத்தவில்லை, மறந்தும்விட்டது. இந்தத் தடவை அவனை விட்டுவிட்டுப் போனதும் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து ஒரு தேநீர் போட்டேன். ஒரே காட்சி, அதே படம். இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

படத்தைத் தூக்கிப் பிடிப்பதாக நினைக்கவேண்டாம். பிரிஸ்டல் வந்த பிறகு அது நொண்டுகிறது. நாயகனாக நடித்த டேவிட் பீம்ஸ் முகத்தில் உணர்ச்சியே காட்டக்கூடாது என்று யாரோ சத்தியம் வாங்கியது போலிருக்கும். பெண்களுக்குப் படத்தில் வேலை குறைவு. ஜெர்மன் நடிகை லீசா குரொய்ட்சர் மட்டும் விதிவிலக்கு. தன் மகள் ஆலிஸைத் தேடி இங்கிலாந்து வந்த தாயாக வருகிறார். வெண்டர்ஸின் 1974ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் ஆலிஸ் என்ற மகளை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் போகும் தாயாக நடித்தவரும் அவரே. அங்கே விட்டவர் இங்கே தேடுகிறார். குருவுக்குச் சீடன் வைத்த வணக்கம். தெரிந்தவர்களுக்குப் புன்னகை வரும், தெரியாதவர்களுக்கு நட்டமில்லை.

1998இல் பெட்டிட்டே இந்த இடங்களுக்கு வீடியோ கமெராவோடு திரும்பிப் போய் இருபத்துச் சொச்சம் நிமிடக் குறும்படமாக 'ரேடியோ ஆன்' மறுகலவை ஒன்றைச் செய்தார். முதலில் மூலப் படத்தைப் பாருங்கள், பிறகு அது. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஒலிபெருக்கியில். நாற்பதாவது நிமிடத்திலிருந்து தொடர வேண்டாம், முதலிலிருந்து போடுங்கள். 'என்ன நடக்கும்' என்பதை விட்டுவிட்டு, இப்போது ஒலிக்கிற சத்தம் எங்கிருந்து வருகிறது, காருக்குள்ளா, வெளியிலா, அவன் மண்டைக்குள்ளா என்று மட்டும் கவனியுங்கள்.

முடிவைச் சொன்னால் படம் கெட்டுவிடாது. ஒரு கற்குழியின் விளிம்பில் கார் நின்றுவிடுகிறது. எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை. ராபர்ட் கதவுகளைத் திறந்து போட்டு, சகோதரன் தந்த கிராஃப்ட்வெர்க் கசெட்டை ஓடவிட்டு, காரை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய் ரயில் ஏறுகிறான். கேட்க யாரும் இல்லாத அந்தக் குழிக்குள் பாட்டு நிறைகிறது.

சென்ற மாதம் அதைப் பார்த்த மறுநாள், அண்ணனின் கசெட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தேன். கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஏதோ பாண்டு வாத்தியம் வருகிறதே, அதை வெட்டிவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது யாருடைய பாட்டு என்று அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவர் இப்போதும் ஜெர்மனியில்தான். அவருக்கு அந்தப் பாட்டு நினைவில்லை. பழைய சாமான் சந்தையில் ஐந்து கசெட் ஒரு மார்க்குக்கு வாங்கியதாம். ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லையாம்.